சாப்பாட்டுல சுற்றுச்சூழலைக் காப்பாத்தணுமா? தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்காதீங்க

சுற்றுச்சூழலுக்கு நல்லது பண்ற மாதிரி சாப்பிடணும்னு முடிவு பண்றவங்க பெரும்பாலும் முதல்ல செய்றது, ஒரு துணிப்பை வாங்குறது, ஒரு ஸ்டீல் ஸ்ட்ரா வாங்குறது, பக்கத்துலயே விளைஞ்சதா பாத்து வாங்குறது. தப்பே இல்ல, செய்யுங்க. ஆனா அந்த துணிப்பைக்குள்ள என்ன போகுது, வீட்டுக்கு வந்ததுல எவ்ளோ குப்பைத்தொட்டிக்குப் போகுதுன்னு பாக்கறவங்க ரொம்ப கம்மி. இது அப்படியே தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்கிற கதை.

ஏன் இப்படி சொல்றேன்னா, 2018ல சயின்ஸ் இதழ்ல ஜோசஃப் பூர், தாமஸ் நெமெசெக்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு பெரிய ஆய்வு போட்டாங்க, 119 நாடுகள்ல சுமார் 38,700 பண்ணைகளோட தகவலை வச்சு. மனுஷங்க வெளியிடுற, பூமியை சூடேத்தற பசுமைக்குடில் வாயுல சுமார் 26 சதவீதம் சாப்பாட்டால வருதுன்னு கணக்கு வந்துச்சு. அதுல லாரி, கப்பல், ரயில்னு எல்லா போக்குவரத்தும் சேர்த்தே சுமார் 6 சதவீதம்தான், பேக்கேஜிங் ஒரு 5 சதவீதம். 80 சதவீதத்துக்கும் மேல வயல்லயும் பண்ணைலயும், காட்டை அழிச்சு நிலமாக்குறதுலயும் போகுது. அதாவது பொருள் உங்க ஊருக்கு வண்டி ஏறறதுக்கு முன்னாடியே கதை முக்கால்வாசி முடிஞ்சுடுது.

அதனால வரிசை இப்படி வச்சுக்கோங்க: முதல்ல என்ன சாப்பிடுறோம், அடுத்தது எவ்ளோ வீணாக்குறோம், அப்புறம் எப்படி சமைக்கிறோம், கடைசியா எங்கிருந்து வருது எதுல சுத்தி வருதுங்கறது. இதைத் தலைகீழா செய்றதாலதான் இவ்ளோ பாடுபட்டும் ஒண்ணும் மாறலையேன்னு பாதில விட்டுடறாங்க.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை. ஒரு வாரம் வீட்ல என்ன சமைச்சீங்க, என்ன தூக்கிப் போட்டீங்கன்னு ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு பேப்பர் ஒட்டி கிறுக்கி வைங்க. ஆப் எல்லாம் வேண்டாம், ரெண்டு நாள்ல மறந்துடுவீங்க. பேப்பர்னா வீட்ல இருக்கற எல்லாரும் எழுதலாம்.

தட்டுல என்ன இருக்கு

ஒரே அளவு புரோட்டீனுக்கு எது எவ்ளோ வாயு வெளியிடுதுன்னு பாத்தாதான் நியாயமான கணக்கு, ஏன்னா ஒரு கிலோ கீரையையும் ஒரு கிலோ கறியையும் ஒப்பிட்டு என்ன பண்றது. அதே ஆய்வுப்படி 100 கிராம் புரோட்டீனுக்கு, கறிக்குன்னே வளக்கற மாட்டோட இறைச்சி சராசரியா 50 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்கு சமமான வாயு, செம்மறி ஆடு வெள்ளாடு வகைக்கு சுமார் 20, சீஸ் 11, பன்றி 7.6, கோழி 5.7, முட்டை 4.2, டோஃபு (சோயா பால்ல செய்ற பனீர் மாதிரி) 2, பயறு பருப்பு வகைகளுக்கு ஒரு கிலோவுக்கும் கீழ. இது எல்லாம் சராசரி, பண்ணைக்குப் பண்ணை நிறைய வித்தியாசம் உண்டு. ஆனாலும் மாட்டுக்கும் பருப்புக்கும் நடுவுல இருக்கற தூரத்தை எந்த நல்ல பண்ணையாலயும் தாண்ட முடியல.

மாடு ஆடு மட்டும் ஏன் இவ்ளோ உசரத்துல நிக்குதுன்னா, அதுங்க அசை போடுற ஜீவன், முதல் வயித்துல இருக்கற நுண்ணுயிரிங்க புல்லைப் புளிக்க வைக்கும்போது மீத்தேன் உருவாகுது, அது பெரும்பாலும் ஏப்பமா வெளிய வருது. (பின்பக்கமா வருதுன்னு எல்லாரும் ஜோக் அடிக்கிறாங்க, அது கொஞ்சம்தான்.) மீத்தேன் காத்துல ஒரு 12 வருஷம் போல இருந்துட்டு சிதைஞ்சு போயிடும், ஆனா 20 வருஷக் கணக்குல பாத்தா கார்பன் டை ஆக்ஸைடை விட சுமார் 80 மடங்கு சூடேத்தும். இதுல நல்ல விஷயம் என்னன்னா, இதைக் குறைச்சா பலன் சீக்கிரமே தெரியும். அதோட நிலமும் இருக்கு, உலகத்துல விவசாயத்துக்குப் போற நிலத்துல முக்கால்வாசிக்கும் மேல கால்நடைக்கும் அதோட தீவனத்துக்கும்தான் போகுது, ஆனா நமக்குக் கிடைக்கற கலோரில அதோட பங்கு அஞ்சுல ஒரு பங்கு கூட இல்ல.

சரி இதுக்காக நாளைக்கே எல்லாத்தையும் நிறுத்திட்டு, பால் முட்டை கூடத் தொடாத வீகன் ஆயிடுங்கன்னு சொல்ல வரல. ஆனவங்க சந்தோஷம், ஆக முடியாதவங்க கீழ இருக்கறத பாருங்க.

உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச விசேஷ சாப்பாட்டுல கை வைக்காதீங்க. யாரும் பெருசா கண்டுக்காத வேளைல ஆரம்பிங்க, வேலை நாள் மத்தியானம், அவசரமா முடிக்கற ராத்திரி சாப்பாடு, இந்த மாதிரி. அதை மாத்தினா யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க, வாரத்துல பாதி வேளை அதுதான்ங்கறதால கணக்குலயும் நல்லா இறங்கும்.

கொத்துக்கறி போடுற இடத்துல பாதி கறி, பாதி வேகவச்ச பயறோ பொடியா நறுக்கின காளானோ போடுங்க. மசாலா நல்லா இருந்தா வித்தியாசமே தெரியாது. கறியை தட்டோட நடுவுல வைக்காம ருசிக்காக ஓரத்துல வைக்கற பழக்கத்துக்கு வந்துட்டா அளவு தானா குறையும். பயறு சப்புன்னு இருக்குன்னு சொல்றவங்க அதுல உப்பு, புளிப்பு, எண்ணெய் மூணையும் சரியா போடலைன்னுதான் அர்த்தம், கறில கொழுப்பு தானா வரும், பயறுல நாமதான் குடுக்கணும். வெங்காயத்தை நல்லா செவக்க வதக்கி, தக்காளியைச் சுண்ட விட்டு சேர்த்தாலே பாதிப் புகார் நின்னுடும்.

ராஜ்மாவுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஊற வச்ச தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணில நல்லா தளதளன்னு கொதிக்கவிட்டு வேக வைங்க. அரைவேக்காடா விட்டாலோ, ஸ்லோ குக்கர்ல நேரா போட்டாலோ அதுல இருக்கற லெக்டின்ங்கற நச்சுப் புரதம் வயித்தைப் புரட்டி எடுத்துடும். டின்ல வர்றது ஏற்கனவே வெந்தது, பயமில்ல.

சைவமா மாறினவங்க விழற குழி ஒண்ணு இருக்கு, சீஸ். கறியை எடுத்துட்டு அந்த இடத்துல சீஸை அள்ளிப் போட்டா, மேல குடுத்த நம்பரைப் பாருங்க, கோழி சாப்பிட்டிருந்தாலே கம்மியா ஆகியிருக்கும். ஒரு கிலோ கெட்டி சீஸ் செய்ய சுமார் 10 லிட்டர் பால் போகுது, வேற எப்படி இருக்கும். அதுக்காக மாட்டை விட்டுட்டு கோழிக்கு மாறினா எல்லாம் சரியாயிடுமான்னா, வாயுக் கணக்குல பெரிய லாபம்தான், ஆனா அதே அளவு கறிக்கு எத்தனையோ மடங்கு உயிர் போகுது, அதுவும் பெரும்பாலும் நெருக்கி அடைச்ச பண்ணைல. எது முக்கியம்ங்கறத நீங்கதான் முடிவு பண்ணணும். என்னைக் கேட்டா கோழியை ஒரு நடுப்படியா வச்சுக்கிட்டு பயறு, முட்டை பக்கம் நகர்றதுதான் சரி.

பால் விஷயத்துல ஒரு பெரிய குழப்பம் ஓடுது, பாதாம் பாலுக்கு தண்ணி கொட்டுது, அதனால மாட்டுப்பாலே மேல்னு. பாதாமுக்கு தண்ணி ஜாஸ்திதான், ஒரு லிட்டருக்கு சராசரியா 370 லிட்டர் கிட்ட. ஆனா மாட்டுப்பாலுக்கு அதே கணக்குல 600 லிட்டருக்கு மேல. ஓட்ஸ் பால், சோயா பால் ரெண்டும் தண்ணி, நிலம், வாயு மூணுலயும் ரொம்ப கம்மி. சோயாதான காட்டை அழிக்குதுன்னு அடுத்த கேள்வி வரும், உலக சோயால முக்கால்வாசி கால்நடைத் தீவனத்துக்குப் போகுது, நேரா மனுஷன் வாய்க்கு டோஃபுவாவும் பாலாவும் வர்றது ரொம்ப சின்ன பங்கு. வாங்கும்போது கால்சியமும் வைட்டமின் பி12ம் சேர்த்ததா பாத்து வாங்குங்க, சின்னக் குழந்தைங்களுக்கு மாத்தறதா இருந்தா டாக்டரைக் கேட்டுட்டு மாத்துங்க. பெரியவங்களும் மாமிசம், முட்டை, பால்னு எல்லாத்தையும் மொத்தமா விட்டா பி12 மாத்திரை கண்டிப்பா வேணும், செடில இருந்து நம்பற அளவுக்கு அது கிடைக்காது. இரும்புச்சத்துக்கு பயறோட எலுமிச்சை மாதிரி வைட்டமின் சி உள்ளது எதையாவது சேருங்க, சாப்பிட்ட கையோட டீ காபி குடிக்காதீங்க, அவ்ளோதான்.

அரிசி பத்தி யாரும் பேசறதில்ல. தண்ணி தேங்கின நெல் வயல்ல மண்ணுக்கு காத்து போகாததால அங்கயும் மீத்தேன் உருவாகுது, ஒரு கிலோ அரிசிக்கு சராசரியா 4 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்கு சமமான வாயு, உருளைக்கிழங்குக்கு அரை கிலோதான். வயலை விட்டு விட்டு காயவச்சுப் பாய்ச்சினா மீத்தேன் பாதியளவுக்குக் குறையும், தண்ணியும் மிச்சம், ஆனா அது விவசாயி கையில இருக்கு. நம்ம கையில இருக்கறது வடிச்ச சோறைக் கொட்டாம இருக்கறதும், சில வேளைக்கு கிழங்கு, கோதுமை, சிறுதானியம்னு மாத்திக்கறதும். அரிசியை விட்டுடுங்கன்னு சொல்றவங்களைக் கண்டுக்காதீங்க, கறியோட பக்கத்துல வச்சா அது ஒண்ணுமே இல்ல.

மீன்ல சின்னதா இருக்கறத தேர்ந்தெடுங்க, மத்தி, நெத்திலி வகை. கூட்டம் கூட்டமா மேல்தண்ணில இருக்கறதால பிடிக்க டீசல் கம்மியா ஆகும். சிப்பி வகை இன்னும் நல்லது, அதுக்கு யாரும் தீவனமே போட வேண்டியதில்ல, தண்ணியை வடிகட்டியே சாப்பிட்டுக்கும். கவனமா இருக்க வேண்டியது பண்ணை இறால்ல, சில இடங்கள்ல அலையாத்திக் காட்டை வெட்டித்தான் அந்தக் குளமே வெட்டினாங்க.

குப்பைக்குப் போறது

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தோட 2024 அறிக்கைப்படி, 2022ல மட்டும் உலகத்துல 105 கோடி டன் சாப்பாடு வீணாச்சு. ஹோட்டலும் கல்யாண மண்டபமும்தான் காரணம்னு நினைப்போம், ஆனா அதுல 60 சதவீதம் வீடுகள்ல. ஆளுக்கு வருஷத்துக்கு 79 கிலோ, வீட்ல மட்டும். பணக்கார நாடு ஏழை நாடுன்னு பெரிய வித்தியாசமும் இல்ல. சாப்பாடு வீணாகறதால வர்ற வாயு உலக மொத்தத்துல 8லருந்து 10 சதவீதம், விமானப் போக்குவரத்தை விட பல மடங்கு.

இதுல நிறைய சமையல் தெரியாததால இல்ல, கண்ணுல படாததால வீணாகுது. ஃப்ரிட்ஜ்ல கண்ணுக்கு நேரா இருக்கற தட்டை "முதல்ல இதைச் சாப்பிடு" தட்டா ஒதுக்குங்க, பாதி வெட்டின வெங்காயம், நேத்து மிச்சம், நாளைக்கு கெட்டுப்போகப் போற தயிர் எல்லாம் அங்க. சமைக்கறதுக்கு முன்னாடி அந்தத் தட்டைப் பாத்துட்டுத்தான் என்ன சமைக்கறதுன்னு முடிவு பண்ணணும், ரெசிபி பாத்துட்டு பொருள் வாங்கப் போறது இல்ல. மிச்சத்தை வெளிய தெரியற டப்பால வைங்க, ஐஸ்கிரீம் டப்பால வச்சா அது ஒரு மாசம் ஐஸ்கிரீமாவே இருக்கும்.

ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்கு மேல போகாம பாத்துக்கோங்க. நிறைய ஃப்ரிட்ஜ்ல 1லருந்து 5 வரைக்கும் இருக்கற அந்த வட்ட நாப் டிகிரி இல்ல, அது சும்மா குளிரோட அளவு, அதனால ஒரு சின்ன தெர்மாமீட்டர் உள்ள போட்டுப் பாக்கறதுதான் வழி. கதவுப் பக்கம்தான் ரொம்ப சூடான இடம், பாலை எல்லாரும் அங்கதான் வைக்கிறோம், உள்ள தள்ளி வைங்க, கதவுக்கு சாஸ், ஊறுகாய் போதும்.

ஆப்பிள், பழுத்த வாழை, தக்காளி இதெல்லாம் எத்திலீன்னு ஒரு வாயு விடும், பக்கத்துல இருக்கற கீரை, வெள்ளரி, கேரட் எல்லாத்தையும் சீக்கிரம் கெடுத்துடும், தனியா வைங்க. உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடைல போடற பழக்கம் நிறைய வீட்ல இருக்கு, ரெண்டும் சேர்ந்தா சீக்கிரம் முளைக்கும், அழுகும். ரெண்டுக்கும் இருட்டும் காத்தும் வேணும், ஆனா தனித்தனியா. கீரை, கொத்துமல்லி வகையை தண்டு தண்ணில நிக்கற மாதிரி ஒரு டம்ளர்ல வச்சா பல நாள் வரும், இல்லன்னா ஈரம் இல்லாம ஒரு துணில சுத்தி டப்பால போடுங்க. ரொட்டியை ஃப்ரிட்ஜ்ல வச்சா சீக்கிரம் வறண்டு போகும், ஸ்லைஸா வெட்டி ஃப்ரீஸர்ல போட்டுட்டு வேணும்ங்கறப்ப ரெண்டு ரெண்டா எடுத்து டோஸ்ட் பண்ணிக்கலாம்.

பாக்கெட் மேல இருக்கற தேதியைப் பாத்து தூக்கிப் போடறது இன்னொரு பெரிய ஓட்டை. "பெஸ்ட் பிஃபோர்"னா ருசியும் மொறுமொறுப்பும் அதுவரைக்கும் நல்லா இருக்கும்னு அர்த்தம், அடுத்த நாள் விஷமாயிடும்னு இல்ல, பாத்து முகர்ந்து முடிவு பண்ணலாம். "யூஸ் பை"னு போட்டிருந்தா அது பாதுகாப்புத் தேதி, பச்சைக் கறி, மீன் மாதிரி பொருள்ல அதை மீறாதீங்க. பூஞ்சை பிடிச்ச கெட்டி சீஸ், கேரட் மாதிரி கெட்டியானதுல அதைச் சுத்தி ரெண்டரை சென்டிமீட்டர் தாராளமா வெட்டிட்டு மீதியைச் சாப்பிடலாம். ரொட்டி, ஜாம், தயிர், மெத்துனு இருக்கற பழம், இதுல வேர் உள்ள வரைக்கும் போயிருக்கும், மொத்தமா போட்டுடுங்க.

மிச்சத்தை ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க, அகலமான பாத்திரத்துல பரப்பினா சீக்கிரம் ஆறும். சோறுல இது இன்னும் முக்கியம், வெந்த பிறகும் சாகாத ஒரு பாக்டீரியா வித்து அதுல இருக்கும், வெளியவே ராத்திரி முழுக்க வச்சுட்டு காலைல சுட வச்சாலும் அது விட்ட நஞ்சு போகாது. சுற்றுச்சூழலுக்காக வயித்தைக் கெடுத்துக்க சொல்லல. ஃப்ரீஸர்ல போடறப்ப பேரும் தேதியும் எழுதி ஒட்டுங்க, எழுதலைன்னா அது மூணு மாசம் கழிச்சு அடையாளம் தெரியாம குப்பைக்குத்தான் போகும்.

இன்னொண்ணு, எல்லா வீணும் ஒண்ணு இல்ல. வாடின கீரைக்கட்டை போட்டதுக்கு ராத்திரி தூக்கம் கெட்டு வருத்தப்படுறதை விட, கறி, சீஸ், வெண்ணெய் மூணும் ஒருநாளும் குப்பைக்குப் போகாம பாத்துக்கறது பெரிய விஷயம். கம்மியா வாங்கி, தீந்ததும் திரும்ப வாங்குங்க. குடும்ப பேக்ல ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு போட்டிருந்தா அந்த இலவசம் யாருக்குன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க.

அடுப்பு

இதுல சுருக்கமா முடிச்சுடலாம். மூடி போட்டு சமைங்க, பயறை ராத்திரியே ஊற வைங்க, வேக நேரம் எடுக்கறது எல்லாத்துக்கும் பிரஷர் குக்கர். கெட்டில்ல தேவையான அளவு தண்ணி மட்டும் ஊத்துங்க, ஒரு கப் டீக்கு ஒரு லிட்டர் கொதிக்க வைக்கறதுல அர்த்தம் இல்ல. ஓவன் போட்டா ஒரே தடவைல ரெண்டு மூணு அயிட்டம் வேகற மாதிரி ப்ளான் பண்ணுங்க, சின்ன அளவுக்கு ஏர் ஃப்ரையரோ மைக்ரோவேவோ போதும், பெரிய ஓவனை சூடேத்த வேண்டாம். பருப்பு மாதிரி கம்மி வாயுப் பொருள்லதான் அடுப்போட பங்கு பெருசா தெரியும், அதனால இங்க மிச்சம் பிடிச்சாதான் மேல சொன்ன லாபம் முழுசா கைக்கு வரும்.

தூரம், பை, பிளாஸ்டிக்

தூரத்துல இருந்து வந்தாலே தப்புன்னு ஒரு எண்ணம் இருக்கு. கப்பல்ல வர்ற பொருள் பாதி உலகம் சுத்தி வந்தாலும் ஒரு கிலோவுக்கு ஆகற வாயு ரொம்ப கம்மி. பிரச்சினை விமானத்துல, ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டு போக கப்பலை விட சுமார் 50 மடங்கு ஆகும். எது விமானத்துல வருதுன்னு லேபிள்ல இருக்காது, ஆனா கண்டுபிடிக்கலாம்: சீக்கிரம் அழுகிப் போகும், சீசன் இல்ல, தூர தேசத்துல விளைஞ்சது, விலையும் ஜாஸ்தி, இந்த நாலும் சேர்ந்தா அநேகமா பறந்து வந்ததுதான். பெர்ரிப் பழங்கள், அஸ்பாரகஸ் மாதிரி. வாழை, ஆப்பிள், ஆரஞ்சு எல்லாம் கப்பல்ல சாவகாசமா வர்றது. அதே மாதிரி குளிர் காலத்துல ஹீட்டர் போட்டு கண்ணாடிக் கூடாரத்துல வளத்த பக்கத்து ஊர் தக்காளியை விட, வெயில்ல விளைஞ்சு லாரில வந்த தக்காளி பல சமயம் மேல். பக்கத்துல விளைஞ்சதை விட சீசன்ல விளைஞ்சதான்னு பாருங்க, ரெண்டும் சேர்ந்தா அமோகம். ஆனா ஒரு கட்டு கீரைக்காக தனியா கார் எடுத்துட்டுப் போனா எல்லாக் கணக்கும் போச்சு, நடந்தோ சைக்கிள்லயோ போங்க, இல்ல வேற வேலையோட சேர்த்துப் போங்க.

துணிப்பைக்கு வருவோம். டென்மார்க் அரசோட சுற்றுச்சூழல் அமைப்பு 2018ல போட்ட கணக்குப்படி, சாதா பருத்திப் பை ஒண்ணு பிளாஸ்டிக் கேரி பேகோட வாயுக் கணக்கை ஈடுகட்டவே 52 தடவை பயன்படணும், மத்த பாதிப்பெல்லாம் சேர்த்தா ஆயிரக்கணக்குல போகுது. அதனால வீட்ல இருக்கறதே போதும், அது கிழியற வரைக்கும் தூக்கிட்டுப் போங்க, போற விழாவுல எல்லாம் இலவசமா குடுக்கறாங்கன்னு பத்து பை சேர்க்காதீங்க. பிளாஸ்டிக் கடலுக்குப் போறது வேற ஒரு பெரிய பிரச்சினை, அதுக்காக குறைக்கறது சரிதான், ஆனா பிளாஸ்டிக் சுத்தலைன்னு வாங்கி ரெண்டே நாள்ல அழுகிப்போன வெள்ளரிக்காய்ல லாபம் எதுவும் இல்ல.

வீட்ல மத்தவங்க

இதுதான் கஷ்டமான இடம். சமைக்கறவர் ஒருத்தர், ஐடியா குடுக்கறவர் இன்னொருத்தர்னா வேலைக்கே ஆகாது, மாத்தணும்னு நினைக்கறவங்க கரண்டியைப் பிடிக்கணும். சாப்பாட்டு மேஜைல புள்ளிவிவரம் பேசாதீங்க, அந்த டிஷ் நல்லா இருந்தா போதும், கறி இல்லங்கறதை அறிவிக்கவே வேண்டாம். வயசானவங்களுக்கு புரோட்டீன் குறையாம பாத்துக்கோங்க, குழந்தைங்களுக்கு கம்மியா வச்சு கேட்டா திரும்பப் போடுங்க, தட்டுல விட்டதை யாரும் அடுத்த வேளைக்கு எடுத்து வைக்கறதில்ல.

கடைசியா தோல், காம்பு, எலும்பு

எவ்ளோ பண்ணாலும் கொஞ்சம் குப்பை வரும். அது குப்பைமேட்டுல மத்த குப்பையோட அமுங்கி காத்து இல்லாம அழுகினா அங்கயும் மீத்தேன்தான். உங்க ஊர்ல உணவுக்கழிவைத் தனியா எடுக்கறாங்கன்னா தனியா குடுத்துடுங்க, வேலை முடிஞ்சுது. இல்லன்னா ஓட்டை போட்ட ஒரு தொட்டில கம்போஸ்ட். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு ரெண்டு மூணு பங்கு காஞ்ச இலை, கிழிச்ச அட்டைப்பெட்டி, மரத்தூள் ஏதாவது, வாரம் ஒரு தடவை கிளறி விடுங்க. பிழிஞ்ச ஸ்பாஞ்ச் அளவுக்கு ஈரம் இருந்தா போதும். நாத்தம் அடிச்சா ஈரம் ஜாஸ்தி, காஞ்சது போட்டுக் கிளறுங்க, ஒண்ணுமே நடக்காம அப்படியே கிடந்தா ஈரம் பத்தல, கொஞ்சம் தண்ணி தெளிங்க. கறி, எலும்பு, பால் பொருள், எண்ணெய் இதுல போடாதீங்க, எலி வரும், அப்புறம் வீட்ல இருக்கறவங்க தொட்டியையே தூக்கி வெளிய வச்சுடுவாங்க.